கூரையால் இறங்கும் வெக்கை: வன்னி வீடுகளுக்கான வெப்பக்காவல் பற்றி எளிமையாக

பங்குனி பிறந்துவிட்டால் கிளிநொச்சி, முல்லைத்தீவு, மாங்குளம், வவுனியா என்று எங்கே போனாலும் ஒரே பேச்சுத்தான். "தகரம் சூட்டை இழுக்குது." "ஃபான் போட்டாலும் சுடுகாத்துத்தான் வருது." "சீலிங் அடிச்சால் எல்லாம் சரி." "வெள்ளித்தாள் போடச் சொல்லினம், அது சும்மா காசு பிடுங்கிற வேலை." இவை ஒவ்வொன்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது, கொஞ்சம் பிழையும் இருக்கிறது. பிழையான பாதியை நம்பிக் காசைச் செலவழிக்கிறவர்கள் அதிகம் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

கடன் எடுத்து ஏசி பூட்டுகிறோம். ஒரு ஃபான் போதாது என்று இரண்டாவதும் வாங்குகிறோம். தலைக்கு மேலே இருக்கிற, அரை மில்லிமீற்றர்கூட வராத தகரத்தை மட்டும் எவரும் ஒரு பிரச்சினையாக எடுப்பதில்லை. வீட்டுக்குள் வெக்கை எப்படி வருகிறது என்று ஒருமுறை விளங்கிவிட்டால், எங்கே காசு போடலாம், எங்கே போடக்கூடாது என்பதை நீங்களே முடிவெடுக்கலாம். மேசனையோ கடைக்காரரையோ நம்பி நிற்கத் தேவையில்லை.

வெப்பம் நடக்கும் மூன்று வழிகள்

முற்றத்தில் நெல் அவிக்கும் அடுப்பை நினைத்துக்கொள்ளுங்கள். பெரிய கிடாரம், கீழே விறகு நன்றாகப் பற்றி எரிகிறது.

கிடாரத்தின் காதை வெறுங்கையால் பிடித்தால் கை சுடும். நெருப்பின் வெப்பம் உலோகத்தின் வழியாக நடந்து கைக்கு வந்துவிட்டது. இதற்குப் பெயர் கடத்தல். பொருளோடு பொருள் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

கிடாரத்துக்கு மேலே கையை நீட்டினால் ஆவியும் சூடான காற்றும் எழும்பி வந்து கையைச் சுடும். சூடான காற்று பாரம் குறைந்தது, அதனால் மேலே போகும். இப்படிக் காற்றோ நீரோ தான் நகர்ந்து வெப்பத்தைச் சுமந்து போவது மேற்காவுகை.

மூன்றாவது வழிதான் நாம் அதிகம் கவனிக்காதது. அடுப்பில் இருந்து நாலடி தள்ளிப் பக்கத்தில் குந்தியிருக்கிறீர்கள். எதையும் தொடவில்லை. சூடான காற்று நேரே மேலே போகிறது, உங்கள் பக்கம் வரவில்லை. ஆனாலும் முகம் எரிகிறது. முதுகு மட்டும் சாதாரணமாக இருக்கிறது. ஒரு சுளகை எடுத்து முகத்துக்கு முன்னால் பிடித்தால் எரிவு அந்தக் கணமே நின்றுவிடும். சுளகு காற்றைக் குளிர்விக்கவில்லை, நெருப்பில் இருந்து நேர்கோட்டில் வந்த வெப்பக் கதிரைத்தான் மறித்தது. இந்த வழிக்குப் பெயர் கதிர்வீசல். சூடான எந்தப் பொருளும், நெருப்பாகப் பற்றி எரியாவிட்டாலும்கூட, இப்படிக் கண்ணுக்குத் தெரியாத கதிரை வீசிக்கொண்டே இருக்கும். சூடு கூடக் கூட வீச்சும் வேகமாகக் கூடும்.

நம் கூரைக்குக் கீழே நடப்பது எது?

தகரத்தில் வெயில் விழுகிறது. தகரம் மெல்லிய உலோகம். மேற்பக்கம் சூடானால் கீழ்ப்பக்கமும் உடனே சூடாகிவிடும். அது கடத்தல், அதை நிறுத்த வழியில்லை. உச்சி வெயிலில் பழைய தகரம் 60 பாகை செல்சியசைச் சாதாரணமாகத் தாண்டும். தகரத்தின் அடியில் தொடுகிற காற்றும் சூடாகும். ஆனால் சூடான காற்று கீழே இறங்காது, முகட்டுக்குள்ளேயே தேங்கி நிற்கும்.

அப்படியானால் கீழே பாயில் படுத்திருப்பவரைச் சுடுவது எது? கதிர்வீசல்தான். அவருக்கு மேலே, அறை முழுக்க அகலமாக, 60 பாகையில் ஒரு தகடு கீழ்நோக்கிக் கதிர் வீசிக்கொண்டிருக்கிறது.

இதை வீட்டிலேயே சோதிக்கலாம். பின்னேரம் இரண்டு மணிக்குச் சீலிங் இல்லாத தகர வீட்டுக்குள் நின்றுகொண்டு, தலைக்கு மேலே ஒரு சுளகையோ காட்போட் மட்டையையோ பிடித்துப் பாருங்கள். உச்சந்தலையில் இருந்து ஒரு பாரத்தை இறக்கி வைத்தது போல இருக்கும். காற்றின் சூடு மாறவில்லை, கதிர் மட்டும் மறிபட்டிருக்கிறது.

வெப்பமானி 33 பாகை காட்டும்போது ஒரு வீட்டில் இருக்க முடிகிறது, இன்னொரு வீட்டில் இருக்கவே முடிவதில்லை. அதற்குக் காரணமும் இதுதான். நம் உடல் காற்றின் வெப்பநிலையை மட்டும் உணர்வதில்லை. சுற்றியுள்ள சுவர், கூரை, நிலம் ஆகியவற்றின் வெப்பநிலையையும் ஏறத்தாழ அதே அளவுக்கு உணர்கிறது. காற்று 33 ஆக இருந்தாலும் மேலே 60 பாகைத் தகடு இருந்தால், உடலுக்கு அது 33 பாகை வீடு இல்லை.

ஃபான் பற்றிய முறைப்பாடும் இங்கேதான் விளங்கும். ஃபான் காற்றை அசைத்து வியர்வையை உலர்த்தும், அதனால் உடல் குளிரும். கதிரை அது மறிக்காது. போதாததற்கு, சீலிங் இல்லாத வீட்டில் உயரத் தொங்கும் ஃபான் முகட்டுக்குள் தேங்கிய சூட்டையும் கீழே கலக்கிவிடும். "சுடுகாத்துத்தான் வருது" என்பது வெறும் மனப்பிரமை இல்லை.

சரி, இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: வெப்பம் கடத்தல், மேற்காவுகை, கதிர்வீசல் என்று மூன்று வழியில் நகரும். பகலில் கூரையால் கீழே இறங்குவதில் பெரும்பங்கு கதிர்வீசல். அதை ஃபான் நிறுத்தாது.

எவ்வளவு வெப்பம்?

நாம் வட அகலாங்கு 9 பாகையை ஒட்டி இருக்கிறோம். சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய நாட்களில் சூரியன் நண்பகலில் கிளிநொச்சிக்கு நேர் உச்சியில் நிற்கும். ஆவணிக் கடைசியில் இன்னொருமுறை வரும். அந்த நாட்களில் சுவரில் விழும் வெயிலைவிடக் கூரையில் விழும் வெயில்தான் மிக அதிகம். சித்திரை கழிந்ததும் காண்டாவனம், அதாவது அக்கினி நட்சத்திர வெக்கை, வருகிறது. அப்புறம் சோளகம் (தென்மேற்குக் காற்று) வீசினாலும் மழை இல்லாத மாதங்கள்தான். மாரி மழைக்கு ஐப்பசி வரை காத்திருக்க வேண்டும். வருடத்தில் பாதிக்கு மேல் நம் வீட்டுக்கு எதிரி கூரையில் இருக்கிறது.

தெளிந்த வானத்தில் நண்பகல் வெயில் ஒரு சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 1000 வாற் சக்தியைக் கொண்டுவருகிறது. பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை என்றால் 11 சதுர மீற்றர், அதாவது கூரையில் விழுவது 11,000 வாற். இதில் ஒரு பகுதி தெறித்துப் போகும், ஒரு பகுதியைக் காற்றுக் கொண்டுபோகும், ஒரு பகுதியைக் கூரை திரும்ப வானத்துக்கு வீசும். மிச்சம் உள்ளே வரும். 60 பாகையில் இருக்கிற பழைய தகரம், 33 பாகையில் இருக்கிற அறைக்குள் வீசும் கதிரைக் கணக்கிட்டால் சதுர மீற்றருக்கு 150 வாற்றுக்குக் கிட்ட வரும். அறை முழுவதற்கும் ஒன்றரைக் கிலோவாற்றுக்கு மேல்.

கடையில் விற்கும் 12,000 பிரியூ ஏசி ஒன்று அறையில் இருந்து வெளியேற்றக்கூடிய வெப்பம் ஏறத்தாழ மூன்றரைக் கிலோவாற். ஆக, வெறும் தகரத்துக்குக் கீழே ஏசி பூட்டினால், வாங்கிய பலத்தில் பாதிக்குக் கிட்டக் கூரையோடு சண்டை பிடிக்கவே போய்விடும். அதற்கும் சேர்த்துத்தான் மாதம் மாதம் பில் கட்டுகிறோம். 2022 ஆவணியில் மின்கட்டணம் சராசரியாக 75 வீதம் ஏறியது எல்லோருக்கும் நினைவிருக்கும். அதே ஆண்டு பங்குனிக் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது. ஃபானை மட்டும் நம்பிக் கட்டிய வீட்டுக்குள் அந்த நாட்களில் குழந்தைகளையும் வயதானவர்களையும் வைத்திருந்தவர்களுக்குக் கூரை என்றால் என்ன என்று நான் சொல்லத் தேவையில்லை.

கூரைக்குக் கூரை வித்தியாசம்

தகரத்தைப் பற்றிச் சொல்லிவிட்டேன். ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். புதுத் தகரம் பளபளப்பாக இருக்கும் வரை அதன் அடிப்பக்கம் கதிரைக் குறைவாகத்தான் வீசும். துருவேற ஏற இரண்டு கெடுதல் சேர்ந்து நடக்கும்: மேற்பக்கம் வெயிலைக் கூடுதலாக உறிஞ்சும், கீழ்ப்பக்கம் கதிரைக் கூடுதலாக வீசும். "முந்தி இவ்வளவு சூடில்லை" என்று சொல்கிறவர்கள் சொல்வது சரிதான். நிறம் பூசி வரும் சீற்றுகளில் கடும் சிவப்பும் கடும் பச்சையும் வெயிலை நன்றாக உறிஞ்சும். புதிதாக வாங்குகிறவர்கள் வெளிர் நிறத்தைக் கேட்டு வாங்குங்கள். அழகு குறைந்தாலும் பரவாயில்லை.

அஸ்பெஸ்டஸ் சீற் தகரத்தைவிட மெதுவாகச் சூடாகும். ஆனால் அதன் தடிப்பும் ஐந்தாறு மில்லிமீற்றர்தான், பாசி பிடித்துக் கறுத்துவிட்டால் வெயிலை உறிஞ்சுவதும் குறைவில்லை. நண்பகலில் பெரிய வித்தியாசத்தை எதிர்பார்க்க வேண்டாம்.

ஓடு நல்லது. தடிப்பானது, ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும், இடுக்குகளால் முகட்டுச் சூடு வெளியே கசியும். ஆனால் நம் பக்கத்தில் குரங்கு விடுவதில்லை. ஓட்டைக் கழற்றிவிட்டுச் சீற் போட்டவர்கள் பலருக்கு இதுதான் காரணம், அவர்களைக் குறை சொல்ல முடியாது.

கொங்கிறீற் கூரை வேறு வகை. அது வெயிலைத் தடுப்பதில்லை, சேமித்து வைக்கிறது. பகல் முழுக்கக் குடித்த வெப்பத்தைச் சில மணித்தியாலம் பிந்தி, நாம் படுக்கப் போகும் நேரத்தில் கீழே இறக்கும். நாலு அங்குலக் கொங்கிறீற் என்றால் வெக்கை வராது என்று நம்பிக் கட்டியவர்கள், இரவு பத்து மணிக்கு முற்றத்தில் பாய் விரிக்கிறார்கள்.

கிடுகும் பனையோலையும் ஏன் குளிர்ச்சி? ஐந்தாறு அங்குலத் தடிப்புக்கு ஓலைமேல் ஓலை, ஒவ்வொரு ஓலைக்கும் இடையில் அசையாமல் அடைபட்ட காற்று. மேற்பக்கம் எவ்வளவு சுட்டாலும் அந்த வெப்பம் அடிப்பக்கத்துக்கு வந்து சேர்வது கடினம். அதனால் கதிர் வீசச் சூடான தகடே கீழே இல்லை. பழைய மண் வீட்டுக்குள் குளிர்ந்த இரகசியம் இவ்வளவுதான். வேய்வதற்கு ஓலையும் ஆளும் கிடைப்பது இன்று பெரும்பாடு, நெருப்புப் பயமும் இருக்கிறது. எல்லோரும் ஓலைக்குத் திரும்புங்கள் என்று நான் சொல்லவில்லை. அந்த வேலையை வேறு பொருளால் செய்ய முடியும்.

மீள்குடியேறிய காலத்தில் கிடைத்த தகரத்தைத்தான் போட்டோம். 2012இன் பிற்பகுதியில் பெரிய அளவில் தொடங்கிய இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு 550,000 ரூபா கிடைத்தது. அந்தக் காசில் சுவரும் கூரையும் எழுப்புவதே போதும் போதும் என்றாகிவிட்டது. சீலிங், வெப்பக்காவல் என்ற பேச்சுக்கு அப்போது இடமே இருக்கவில்லை. அந்த விட்ட வேலையை இப்போது கொஞ்சம் கொஞ்சமாக முடிக்கலாம்.

வெப்பக்காவலில் இரண்டு வகை

வெப்பம் போவதைக் கடினமாக்கும் எந்தப் பொருளும் காவலிதான். வீட்டுக்குப் போடும்போது அதை வெப்பக்காவல் என்கிறோம். அது இரண்டு விதமாக வேலை செய்யும்.

முதலாவது, காற்றை அடைத்து வைத்துக் கடத்தலைத் தடுப்பது. றெஜிபோம் (வெள்ளை நுரைப்பலகை), கண்ணாடிப் பஞ்சு, கிடுகு, வைக்கோல், தும்பு எல்லாம் இந்த வகை. அடைபட்ட காற்றுத்தான் உண்மையில் வேலை செய்கிறது, பொருள் அதைப் பிடித்து வைத்திருக்கிறது. எவ்வளவு தடுக்கிறது என்பதற்கு ஓர் அளவு உண்டு, பெயர் வெப்பத்தடை. தடிப்புக் கூடினால் வெப்பத்தடையும் கூடும். இரண்டு அங்குல றெஜிபோமின் வெப்பத்தடை நாலு அங்குலக் கொங்கிறீற்றின் வெப்பத்தடையைப் போல ஏறத்தாழ 20 மடங்கு. பாரமும் பலமும் வேறு, வெப்பத்தைத் தடுப்பது வேறு.

இரண்டாவது, கதிரை மறிப்பது. நாம் வெள்ளித்தாள் என்று சொல்லும் அலுமினியத் தாள் இந்த வகை. கடத்தலைத் தடுப்பதில் அது ஒன்றுக்கும் உதவாது, உலோகம்தானே. ஆனால் பளபளப்பான அலுமினியத்துக்கு ஒரு விசேட குணம் உண்டு: தன்மேல் விழும் வெப்பக் கதிரில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பும். அதோடு, தான் சூடானாலும் கதிரை மிகக் குறைவாகவே வீசும். ஒரு பொருள் சூடாகும்போது எவ்வளவு தாராளமாகக் கதிர் வீசும் என்பதைக் கதிர்வீசுதிறன் என்பார்கள். துருப்பிடித்த தகரம், ஓடு, சீமெந்து, பெயின்ற் எல்லாம் வீசக்கூடியதில் 80, 90 வீதம் வீசும். சுத்தமான அலுமினியத் தாள் வீசுவது 5 வீதமளவுதான்.

நமது வெக்கையில் பெரும்பங்கு கதிராக இறங்குகிறது என்று பார்த்தோம். அதனால் வன்னிக் கூரைக்கு இந்த மெல்லிய தாள் மிகப் பொருத்தமானது. "இவ்வளவு மெல்லிசாக இருக்கிறதே, இது என்ன செய்யும்" என்ற கேள்விக்குப் பதில் அதுதான்: அது தடிப்பால் வேலை செய்வதில்லை.

வெள்ளித்தாள் வேலை செய்யாமல் போவது எப்போது?

தாள் போட்டும் பயனில்லை என்று சொல்கிறவர்கள் பொய் சொல்லவில்லை. பெரும்பாலும் பூட்டிய முறைதான் பிழை.

பளபளப்பான பக்கத்துக்கு முன்னால் காற்று இடைவெளி இருக்க வேண்டும். ஆகக் குறைந்தது ஓர் அங்குலம். கதிர் என்பது இடைவெளியைத் தாண்டி வருவது. தாள் ஒரு பக்கம் தகரத்தையும் மறுபக்கம் சீலிங்கையும் தொட்டுக்கொண்டிருந்தால், வெப்பம் கடத்தலாக நேரே உள்ளே நடந்துவிடும். பளபளப்புக்கு அங்கே வேலையே இல்லை. சீலிங் பலகைக்கு மேலே ஒட்டிவிட்டு, அதன் மேலே வேறு பொருளை அடுக்குவதும் அதே பிழைதான்.

அடுத்தது, பளபளப்பு எந்தப் பக்கம்? எல்லோரும் வெயிலைப் பார்த்து, அதாவது மேல்நோக்கி வைக்கத்தான் நினைப்பார்கள். ஒரு பக்கம் மட்டும் பளபளக்கும் தாள் என்றால் கீழ்நோக்கி வையுங்கள். கேட்க விசித்திரமாக இருக்கும், ஆனால் காரணம் எளிது. மேல்நோக்கி இருந்தால் ஓரிரு வருடத்தில் செம்மண் புழுதி படிந்துவிடும். புழுதி படிந்த தாள் வெறும் தாள். கீழ்நோக்கி இருந்தால் புழுதி ஒட்டாது. தாள் சூடாகும், ஆனால் அந்தச் சூட்டைக் கீழே கதிராக வீச அதன் பளபளப்பு விடாது. இரண்டு பக்கமும் பளபளக்கும் தாள் கிடைத்தால் இன்னும் நல்லது.

தாளில் அச்சிட்ட எண்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. தாளுக்குத் தனியே வெப்பத்தடை என்று எதுவும் பெரிதாக இல்லை. பெட்டியில் எண் போட்டிருந்தால் அது குறிப்பிட்ட இடைவெளியோடு பூட்டினால் கிடைக்கும் எண். அமெரிக்க அளவில் எழுதிய வெப்பத்தடை எண் மெற்றிக் அளவைவிட ஏறத்தாழ 5.7 மடங்கு பெரிதாகத் தெரியும். இரண்டையும் நேரே ஒப்பிட்டுக் கூடுதல் விலை கொடுக்காதீர்கள்.

லண்டன் ஆலோசனை ஏன் இங்கே பொருந்தாது

நம் வீடுகளில் கூரை வேலை என்றால் வெளிநாட்டு உறவுகளிடமும் கேட்போம், காசும் பல நேரம் அவர்களிடம் இருந்துதான் வரும். அவர்கள் நல்ல மனதோடு தங்கள் வீட்டு அனுபவத்தைச் சொல்வார்கள். பிரித்தானியாவில் முகட்டுக்குள் 270 மில்லிமீற்றர், அதாவது ஏறத்தாழ 11 அங்குலத் தடிப்புக்குப் பஞ்சு போடச் சொல்வார்கள். கனடாவில் இன்னும் கூட.

அங்கே வெப்பம் உள்ளே இருக்கிறது, குளிர் வெளியே. வீட்டுக்குள் காசு கொடுத்துச் சூடாக்கிய காற்று மேலே எழும்பிச் சீலிங்கால் தப்பி ஓடுகிறது. வெப்பநிலை வித்தியாசம் பல மாதம், இரவு பகலாக நீடிக்கும். அதற்குத் தடித்த பஞ்சு தேவை. இங்கே ஓட்டம் மறுபக்கம்: மேலிருந்து கீழே, பகலில் மட்டும், பெரும்பாலும் கதிராக. வாங்க முடிந்தவர்களுக்கு இரண்டு அங்குலத் தடிப்பே நல்ல மாற்றத்தைத் தரும். அதற்கு மேல் ஏற்றும் ஒவ்வோர் அங்குலமும் முந்தியதைவிடக் குறைந்த பலனையே தரும். பதினொரு அங்குலப் பஞ்சுக்குப் போகும் காசில் வீடு முழுக்கத் தாள் போட்டு, முகட்டுக்குக் காற்றுவழியும் வைத்துவிடலாம்.

மேலே வெள்ளை, கீழே பளபளப்பு

கூரைக்கு வெள்ளை பூசுவது பற்றியும் குழப்பம் உண்டு. வெயிலின் கதிரும், சூடான தகரம் வீசும் கதிரும் ஒன்றல்ல. வெயிலின் கதிரை வெள்ளை நன்றாகத் திருப்பும். புதிதாகப் பூசிய நல்ல வெள்ளை 70, 80 வீதத்தைத் திருப்பி அனுப்பிவிடும். ஆனால் சூடான பொருள் வீசும் கதிர் விடயத்தில் வெள்ளையும் கறுப்பும் ஒன்றுதான், இரண்டும் தாராளமாக வீசும். அதனால் வெள்ளை கூரையின் மேற்பக்கத்துக்கு உரியது. தகரத்தின் அடிப்பக்கத்துக்கு வெள்ளை அடித்தால் அறை வெளிச்சமாகும், வெக்கை குறையாது.

அகமதாபாத் நகரம் 2017இல் இருந்து ஏழைக் குடியிருப்புகளின் கூரைகளுக்கு வெள்ளை பூசும் திட்டத்தை நடத்துகிறது. செலவுக்கு ஏற்ற பலன் என்று பார்த்தால், கொங்கிறீற் கூரைக்கு இதைவிட மலிவான வைத்தியம் எனக்குத் தெரியாது. வெறும் சுண்ணாம்பும் வேலை செய்யும், மாரி கழிந்ததும் திரும்ப அடிக்க வேண்டும், அவ்வளவுதான். தகரத்துக்குச் சுண்ணாம்பு நிற்காது, கூரைக்கென்று வரும் வெள்ளைப் பெயின்ற் வேண்டும். கூரைத் தண்ணீரைத் தாங்கியில் பிடித்துக் குடிக்கிற வீடு என்றால் ஈயம் கலக்காத பெயின்றா என்று கேட்டு வாங்குங்கள். வவுனியாப் பக்கம் சிறுநீரக நோய்ப் பயத்தில் மழைநீரைக் குடிக்கிற குடும்பங்கள் இருக்கின்றன, அந்த நீரைக் கெடுத்துவிடக்கூடாது.

சீலிங்கும் காற்றுவழியும்

சீலிங் அடித்தால் எல்லாம் சரியா? பாதி சரி. சீலிங் தகரத்தின் நேரடிக் கதிரை மறிக்கும். ஆனால் மேலே அடைபட்ட முகட்டுச் சூட்டில் சீலிங்கே மெல்ல மெல்லச் சூடாகி, பின்னேரம் அதுவும் கதிர் வீசத் தொடங்கும். மெல்லிய பிளாஸ்ரிக் பனல்களில் இது சீக்கிரம் நடக்கும். எனவே சீலிங்குக்கு மேலே காவல் வேண்டும், முகட்டுச் சூடு வெளியேற வழியும் வேண்டும்.

வழி என்றால் இரண்டு இடத்தில். தாழ்வாரத்துப் பக்கம் காற்று உள்ளே வர, முகட்டுச் சுவரின் உச்சியில் சூடு வெளியே போக. சுவரில் துளைக்கல் வைத்தாலே போதும். வௌவாலும் அணிலும் நுழையாமல் உள்ளே கம்பிவலை அடித்துவிடுங்கள்.

இரவைப் பற்றியும் சொல்ல வேண்டும். காவல் இரண்டு பக்கமும் வேலை செய்யும். உள்ளே இருக்கும் சூடு கூரையால் வெளியேறுவதையும் அது மெதுவாக்கும். வெறும் தகரம் பொழுதுபட்டதும் சட்டென்று குளிர்ந்துவிடும், அது அதன் ஒரே நல்ல குணம். காவல் போட்ட வீட்டில் பொழுதுபட்டதும் யன்னல்களைத் திறந்து இரவுக் காற்றை உள்ளே விட வேண்டும். பாதுகாப்புக்கு யன்னல் பூட்டுகிறவர்கள் கம்பியும் நுளம்பு வலையும் அடித்து, மேற்பக்கத்தையாவது திறந்து வைக்கப் பாருங்கள்.

இதுவரை: கதிரை மறிக்கத் தாள், கடத்தலைத் தடுக்கப் பஞ்சோ போமோ, வெயிலைத் திருப்ப வெள்ளை, தேங்கிய சூடு போகக் காற்றுவழி.

கவனிக்க வேண்டிய ஆபத்துகள்

அலுமினியத் தாள் மின்சாரம் கடத்தும். இதை யாரும் அழுத்திச் சொல்வதில்லை, அதனால் நான் அழுத்திச் சொல்கிறேன். அவுஸ்திரேலியாவில் 2009இல் அரசு செலவில் வீட்டு முகடுகளுக்குக் காவல் போடும் பெரிய திட்டம் நடந்தது. நான்கு இளம் தொழிலாளர்கள் இறந்தார்கள், அவர்களில் மூவர் மின்சாரம் தாக்கி. 2010இல் அந்தத் திட்டத்தில் தாளையே தடை செய்தார்கள். நம் வீடுகளில் முகட்டுக்குள் வயர்கள் எப்படிக் கிடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். எலி கடித்த வயர், டேப் சுற்றிய மூட்டு, வெறுமையாக ஓடும் வயர். எனவே மெயின் சுவிச்சை நிறுத்தாமல் ஒருவரையும் மேலே ஏற விடாதீர்கள். முதலில் மின்வேலை தெரிந்தவர் வயர்களைக் குழாய்க்குள் போட்டு முடிக்கட்டும், ட்றிப் சுவிச் வேலை செய்கிறதா என்று பார்க்கட்டும், பிறகு தாள்.

அஸ்பெஸ்டஸ் சீற் இருந்தால் அதைத் துளையிடுவது, வெட்டுவது, கம்பித் தூரிகையால் உரஞ்சுவது எதுவும் வேண்டாம். அதன் தூசு பல வருடம் கழித்துப் புற்றுநோய் தரக்கூடியது. எல்லா வகை அஸ்பெஸ்டஸும் அப்படித்தான் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. சீற்றைத் தொடாமல், உள்ளே மரத்தில் தாளை அடியுங்கள்.

றெஜிபோம் எரியும், எரியும்போது நச்சுப் புகை வரும். விறகடுப்புக்கு மேலே வேண்டவே வேண்டாம். வேறு அறைகளிலும் வெறுமையாக விடாமல் சீலிங்கால் மூடிவிட வேண்டும். கண்ணாடிப் பஞ்சைக் கையுறையும் முகக்கவசமும் இல்லாமல் தொட்டால் கடியும் இருமலும் விடாது. மில்லில் சும்மா கிடைக்கிற உமியைப் பையில் கட்டிச் சீலிங்குக்கு மேலே போடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. உமி நல்ல காவலிதான். ஆனால் ஈரம் பட்டால் கெடும், எலி வரும், நெருப்புப் பட்டால் வெளியே தெரியாமல் உள்ளுக்குள் புகைந்துகொண்டே இருக்கும். என்னிடம் கேட்டால் வேண்டாம் என்பேன்.

எங்கே தொடங்கலாம்?

எல்லாம் ஒரேயடியாகச் செய்யத் தேவையில்லை. படுக்கிற அறையில் தொடங்குங்கள், அதிலும் குழந்தையோ வயதானவரோ படுக்கிற அறையில்.

கையில் காசே இல்லை என்றால், தகரத்துக்கு மேலே கிடுகு பரப்பிக் கட்டுவது இன்றும் நல்ல வேலை. கச்சிதமாகக் கட்டாவிட்டால் சோளகம் கிளப்பிக்கொண்டு போய்விடும். பூசணிக் கொடியைக் கூரையில் ஏற்றிவிடுவதும் அதே நிழல்தான், காயும் கிடைக்கும். ஓரளவு காசு இருந்தால் கைமரங்களின் அடிப்பக்கத்தில், உள்ளே இருந்தபடியே தாளை அடிக்கலாம். கூரையைக் கழற்றத் தேவையில்லை. கீழே தாழ்வாரப் பக்கமும் மேலே முகட்டிலும் ஒரு சாண் இடம் விட்டால், தாளுக்கும் தகரத்துக்கும் நடுவே காற்று ஓடிச் சூட்டைக் கொண்டுபோகும். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறைக்குக் கூரைச் சரிவையும் சேர்த்து 150 சதுர அடித் தாள் வாங்கினால் ஒன்றின்மேல் ஒன்று ஏற்றி அடிக்கவும் போதும். புதுக்கூரை போடுகிறவர்கள் தாளைக் கைமரத்துக்கு மேலே, கொஞ்சம் தொய்வாக விரித்துவிட்டுச் சலாகை அடிக்கச் சொல்லுங்கள். மேல் தாள் கீழ்த் தாளின்மேல் ஏறிக் கிடந்தால் ஓட்டால் ஒழுகும் நீரும் தாழ்வாரத்துக்கு ஓடிவிடும்.

ஏசி வாங்கும் எண்ணம் இருந்தால், கூரை வேலையை முடித்துவிட்டு ஒரு சித்திரையைக் கழித்துப் பாருங்கள். சிலருக்கு ஏசியே தேவைப்படாது. தேவைப்பட்டாலும் சிறியதே போதும்.

வேலைக்கு நல்ல காலம் தை, மாசி. மாரி ஓய்ந்திருக்கும், ஒழுகும் இடங்கள் நினைவில் இருக்கும், தச்சரும் முகட்டுக்குள் நின்று வேலை செய்யக்கூடிய சூடுதான் இருக்கும். காண்டாவனத்தில் ஒருவரை அந்த முகட்டுக்குள் ஏற்றக்கூடாது, அங்கே மயங்கி விழுந்தால் கீழே இருப்பவருக்குத் தெரியாது. பூட்டி ஒரு வருடம் கழித்து ரோர்ச் அடித்துப் பாருங்கள்: தாள் எங்கேயாவது கழன்று தகரத்தில் ஒட்டிக்கிடக்கிறதா, எலி கிழித்திருக்கிறதா, கம்பிவலை இருக்கிறதா என்று. கிழிந்த இடத்துக்கு அலுமினிய டேப் போதும்.